கூகை, வல்லூறு குஞ்சுகளுக்குப் பத்து நாள் காவல்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி ஆகிறது. மலையடிவாரத்தில் ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களும், வாழையும் தென்னையும் அதிகம். எலிக்கு இவை எல்லாம் ஒன்றுதான். நெல்லில் தூரைக் கடிக்கும், கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்க்கும். தென்னையில் ஏறிக் குரும்பையைக் குடையும். வாழையில் பெருச்சாளி கிழங்கைத் தோண்டும். வயல் எலி ஓர் ஈற்றுக்கு 5 முதல் 10 குட்டி வரை போடும். சினைக்காலம் சுமார் 3 வாரமே. ஆகவே ஒரு முறை மருந்து வைத்து ஒழித்து விட்டோம் என்று இருந்துவிட முடிவதில்லை.

இந்த எலிகளை இரவு நேரத்தில் பிடித்துத் தின்பதையே பிழைப்பாகக் கொண்ட பறவை கூகை. முகம் இதய வடிவில் வெள்ளையாகத் தட்டுப் போல இருக்கும். கிராமங்களில் இதற்குச் சாவுக்குருவி என்று பெயர். யார் வைத்த பெயரோ, எலிகள் வைத்திருந்தால் அது பொருத்தம்தான். பழைய கிணற்றுச் சுவர்ப் பொந்து, கோயில் கோபுரம், மாதா கோயில் மணிக்கூண்டு, பாழடைந்த வீடு, முதிர்ந்த புளியமரம், மருதமரம் ஆகியவற்றில் தங்கிக் குஞ்சு பொரிக்கும்.

கூகை எவ்வளவு எலி தின்கிறது என்பதை விவசாயி தன் கையாலேயே கணக்குப் பார்க்கலாம். எலியை அது பெரும்பாலும் முழுதாக விழுங்கும். சீரணமாகாத எலும்பையும் மயிரையும் கட்டைவிரல் பருமனுக்கு உருண்டையாகக் கக்கிவிடும். பறவை தங்கும் இடத்தின் கீழே இந்தக் கரிய உருண்டைகள் கிடக்கும். ஓர் உருண்டையை எடுத்து வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் மண்டையோடுகள் தனியே வரும். முன்னால் மஞ்சள் கலந்த இரண்டு உளிப் பற்களும், அதற்குப் பின் இடைவெளியும் இருந்தால் எலி. இடைவெளி இன்றிக் கூரிய பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. பெரிய கூகை ஒன்றுக்கு இரவுக்கு ஒன்றிரண்டு எலி வேண்டும். வளர்ந்த குஞ்சு ஒவ்வொன்றும் பெரிய பறவைக்குக் குறையாமல் தின்னும். 5 குஞ்சு உள்ள பொந்தில் தாய் தந்தையையும் சேர்த்து 7 வாய். குறைத்துக் கணக்கிட்டாலும் இரவுக்கு 7 எலிக்கு மேல் அந்தப் பொந்துக்குள் போகிறது.

இப்படி இரண்டு மாதம் எலி கொடுத்து வளர்ந்த குஞ்சு, பொந்தை விட்டு வெளியே வரும் அந்தச் சில நாட்களில்தான் அதிகமாகச் சாகிறது. நாய் கவ்வுகிறது, காக்கை கொத்துகிறது, தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது, மனிதர் அடிக்கிறார்கள். அந்த நாட்களில் மட்டும் யாராவது காவல் இருந்தால் பெரும்பகுதிக் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியும். இதை உலகம் கற்றுக்கொண்டது கூகையிடமிருந்து அல்ல, அதன் பகல் நேரத்துத் தோழனான பைரியிடமிருந்து.

நகரத்துக்கு வந்த பைரி

பைரி என்பது வல்லூறு இனங்களில் பெரியது. பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் உடையது. நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பைரியும் உண்டு. இங்கேயே மலைப்பாறை இடுக்கில் குஞ்சு பொரிக்கும் ஷாஹீன் என்ற கருமை மிகுந்த வகையும் உண்டு. இலங்கையில் சிகிரியாப் பாறைக்குப் போனவர்கள் ஷாஹீனைப் பார்த்திருக்கக் கூடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து உலகமெங்கும் வயல்களில் தெளிக்கப்பட்டது. மருந்து பட்ட பூச்சியைச் சிறு குருவி தின்றது, குருவியைப் பைரி தின்றது. அடுக்கின் மேலே போகப் போக மருந்தின் அளவு உடற்கொழுப்பில் சேர்ந்துகொண்டே போயிற்று. பைரி உடனே சாகவில்லை. ஆனால் அதன் முட்டை ஓடு மெலிந்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடைந்தது. இதை 1967-ல் இங்கிலாந்தில் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டை ஓடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு வெளிப்படுத்தினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1960-களின் நடுவிலேயே குஞ்சு பொரிக்கும் பைரி ஜோடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1972-ல் அந்நாட்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. இந்தியாவில் விவசாயத்துக்கு அதைப் பயன்படுத்துவது 1989-ல் நிறுத்தப்பட்டது.

தடைக்குப் பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்பவரும் அவர் குழுவினரும் கூண்டில் பைரி வளர்த்துப் பெருக்கி, 1970-களில் வெளியே விட்டார்கள். பறவைகளில் ஒரு பகுதி நகரங்களுக்கு வந்தது. பைரி கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் சரளையைக் காலால் பறித்துக் குழி செய்து அதில் முட்டையிடும். உயர்ந்த கட்டடம் அதன் கண்ணுக்குச் செங்குத்துப் பாறையாகவே தெரிந்தது. கீழே இரைக்குப் புறாக்கள் ஏராளம். 1999-ல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்தே பைரி நீக்கப்பட்டது.

ஆனால் பாறையில் பிறக்கும் குஞ்சுக்கும் கட்டடத்தில் பிறக்கும் குஞ்சுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முட்டை 3 அல்லது 4. அடைகாப்பு சுமார் 33 நாள். பிறந்த 40 நாள் அளவில் குஞ்சு முதல் முறை பறக்கிறது. உருவில் சிறிய ஆண் குஞ்சுகள் ஓரிரு நாள் முந்திக்கொள்ளும். முதல் நாள் பறப்பதை விட இறங்குவதுதான் அதற்குக் கடினம். மலையில் தவறி இறங்கினால் கீழ்ப் பாறையில் உட்காரும். நகரத்தில் தவறினால் கண்ணாடிச் சுவரில் மோதும், அல்லது கார் ஓடும் சாலையில் போய் உட்காரும். இறக்கை வலுவடையாத குஞ்சு தரையிலிருந்து எழும்பிப் பறக்கத் தெரியாமல் அங்கேயே விழித்துக்கொண்டு நிற்கும்.

இதற்காகவே தொண்டர்கள் காவல் நிற்கிறார்கள். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகர மன்றத்தின் 18 மாடிக் கட்டடத்தில் 2007 முதல் பைரிகள் குஞ்சு பொரித்து வருகின்றன. குஞ்சு பறக்கும் வாரத்தில் பகல் முழுதும் முறை போட்டு ஆட்கள் தூரநோக்கியுடன் கீழே நிற்பார்கள். ஓய்வு பெற்றவர்களும், அலுவலக ஊழியர்களும், மாணவர்களுமே பெரும்பாலோர். குஞ்சு கட்டடத்தில் எங்கே இருக்கிறது, எத்தனை முறை இறக்கை அடித்தது, எங்கே இறங்கியது என்று குறித்துக்கொள்வார்கள். சாலையில் இறங்கினால் வாகனத்தை நிறுத்துவார்கள். துண்டைப் போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, நலமாக இருந்தால் மொட்டை மாடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார். குஞ்சு மறுபடியும் உயரத்திலிருந்தே தொடங்கும். தாய் தந்தை விட்ட இடத்திலிருந்து இரை கொடுக்கத் தொடங்கிவிடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் ஊரில் சொல்வது போலவே அங்கும் சொல்வார்கள். அது உண்மையல்ல.

இவ்வளவு சிரத்தை எடுத்தும், முதல் ஓராண்டைத் தாண்டாமல் பாதிக்கு மேற்பட்ட இளம் பைரிகள் இறந்துபோகின்றன. அதனால்தான் கைக்கு எட்டிய அபாயத்திலாவது ஒன்றிரண்டைக் காப்பாற்றுவது எண்ணிக்கையில் தெரிகிறது.

நம் நாட்டில் நடந்தவை

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். அறிவிப்புக்கு வெகு காலம் முன்பிருந்தே ஊரார் பறவைகளைக் காத்து வருகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் குளத்து மரங்களில் மட்டும் அன்றி, வீட்டுக் கொல்லை வேப்பமரத்திலும் கூடு வைக்கும். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கத் தெரிந்ததும் விட்டுவிடுவது அங்கே பழக்கம். பால்பாண்டியும் அவர் மனைவியும் இந்த வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டதைப் பலரும் அறிவர். தீபாவளிக்கு ஊரில் வெடி கிடையாது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு எருவாகிறது. ஊருக்கு வரவு இல்லாத தருமம் அல்ல அது.

நாகாலாந்தில் நடந்தது வேறு விதம். தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே பங்தி கிராமத்தில், வலசை வரும் அமூர் வல்லூறுகளை மீன்வலை கட்டிப் பிடித்து விற்றார்கள். 2012-ல் நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் பிடிபடுவதாக மதிப்பிட்டார்கள். செய்தி வெளியானதும் ஊர் மன்றமே தடை போட்டது. வலை கட்டியவர்களே காவல் குழுவில் சேர்ந்தார்கள். 2013-ல் அங்கே ஒரு பறவையும் பிடிக்கப்படவில்லை என்று பதிவாயிற்று. அந்தப் பறவைக்கு ஈசல் பிடித்தமான இரை என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

ராயப்பன்பட்டிக்கு எப்படிப் பொருந்தும்?

இங்கே கட்டடத்தில் பைரியைத் தேட வேண்டியதில்லை. கூகையும், மரங்களில் கூடு கட்டும் வல்லூறும் தோட்டத்துக்கு அருகிலேயே இருக்கும் பறவைகள். ஓணான், எலி, சிறு பறவை, வெட்டுக்கிளி வல்லூற்றின் இரை. மார்ச் முதல் ஜூன் வரை அதன் இனப்பெருக்கப் பருவம். முட்டை 3 அல்லது 4. பொரித்து சுமார் 4 வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டுக் கிளைக்கு வரும். கூகைக்குக் குறிப்பிட்ட பருவம் இல்லை. எலி மிகுந்தால் எந்த மாதத்திலும் குஞ்சு பொரிக்கும்.

பொந்தில் கூகைக் குஞ்சு இருப்பதைக் கண்டுபிடிக்க ஏணி வைத்து ஏற வேண்டாம். இருட்டிய பின் உள்ளே இருந்து சீறலும் குறட்டையும் கலந்த ஓசை விடாமல் கேட்கும். இதைப் பாம்பு என்று நினைத்துப் பொந்துக்குள் கம்பால் குத்துவதும், புகை போடுவதும் நடக்கிறது. இரவெல்லாம் ஒரே இடத்திலிருந்து சீறல் வந்தால் பசியுள்ள குஞ்சு என்று கொள்ளலாம். என்றாலும் உறுதியாகத் தெரியாமல் பொந்துக்குள் கையை விட வேண்டாம்.

கூகை 4 முதல் 7 முட்டை வரை, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக இடும். முதல் முட்டை இட்டவுடனே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆகவே பொந்தில் குஞ்சுகள் படிக்கட்டுப் போல வேறு வேறு வயதில் இருக்கும். 5 குஞ்சு இருந்தால் மூத்ததற்கும் இளையதற்கும் சுமார் 10 நாள் இடைவெளி. மூத்தது 8 வாரத்தில் பறக்கப் புறப்பட்டால், கடைசிக் குஞ்சு புறப்பட அதிலிருந்து 10 நாள் ஆகும். காவலுக்குப் பத்து நாள் என்ற கணக்கு இதிலிருந்தே வருகிறது. வெள்ளைப் பஞ்சு மயிர் உதிர்ந்து, தலையில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பொந்து வாயில் நின்று இறக்கை அடிக்கத் தொடங்குவது அதன் அடையாளம்.

காவல் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. அருகே தோட்டம் உள்ள இரண்டு மூன்று குடும்பங்களும், மேல்வகுப்பு மாணவர்கள் சிலரும் சேர்ந்தால் போதும். மாலை 6 மணி முதல் 9 மணி வரையும், விடியற்காலையிலும் முறை போட்டுக்கொள்ளலாம். 50 அடிக்குக் குறையாத தூரத்தில் அமர வேண்டும். பொந்துக்குள் டார்ச் அடிக்கக் கூடாது. நாயைக் கட்டி வைக்க வேண்டும். எத்தனை குஞ்சு வெளியே வந்தது, எங்கே உட்கார்ந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. மறுநாள் காலையில் ஒன்று குறைந்தால் எங்கே தேடுவது என்பது அப்போதுதான் தெரியும்.

தரையில் குஞ்சு கிடந்தால் என்ன செய்வது என்பதில் கூகைக்கும் வல்லூறுக்கும் வேறுபாடு உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. வல்லூற்றுக் குஞ்சு இறகு முளைத்துத் தரையில் நின்றால் அது அனாதை அல்ல. தாய் பக்கத்து மரத்திலேயே இருக்கும். காக்கைக்கும் நாய்க்கும் எட்டாமல் அருகிலுள்ள உயரமான கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகினால் போதும். கூகை அப்படி அல்ல. பறக்கும் வயதுக்கு முன் பொந்திலிருந்து விழுந்த குஞ்சுக்குத் தாய் தரையில் வந்து இரை கொடுப்பது அரிது. இரை பொந்துக்குள்தான் போகும். ஆகவே அதைத் திரும்பவும் பொந்திலேயே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் மிரண்டு மறுபடி குதிக்கலாம். அந்தி சாயும் வரை இருட்டான அட்டைப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு வைப்பது நல்லது. எடுக்கும்போது கெட்டியான துண்டைப் போர்த்தி, காலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அலகை விட நகமே ஆபத்து.

பால், சோறு, ரொட்டி எதுவும் கொடுக்கக் கூடாது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிக் குஞ்சு சாகும். இறக்கை தொங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, பொந்து எட்டாத இடத்தில் இருந்தாலோ வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். மந்திரம், பூசை என்று சொல்லி ஆந்தை கேட்டு வருவோர் தீபாவளியை ஒட்டி அதிகம். அத்தகையவர் பொந்தைச் சுற்றி விசாரித்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தில் உள்ள ஆபத்து

பழம் காக்கத் திராட்சைப் பந்தலைச் சுற்றி நைலான் வலை கட்டுவோர் அதைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் வலையில்தான் இளம் பறவை சிக்கும். விடிந்ததும் ஒரு முறை சுற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அறுவடை முடிந்த பின்னும் கிழிந்த வலையைப் பந்தலிலேயே விட்டு வைப்பது சரியல்ல. தண்ணீர்த் தொட்டி, திறந்த கிணறு இவற்றில் இளம் கூகை விழுந்து மூழ்கிப் போகும். தொட்டியில் ஒரு சாய்ந்த பலகையோ, நீரில் மிதக்கும் தென்னை மட்டையோ போட்டு வைத்தால் ஏறி வந்துவிடும்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது எலி மருந்தில். எலி கேக் என்று விற்கும் புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடி வெளியே திரிந்து சாகும். தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருந்து கூகைக்கும் குஞ்சுக்கும் போகிறது. மருந்து வைத்த வாரத்தில் பொந்தில் சீறல் நின்றுபோனால் காரணம் தேட வேண்டியதில்லை. அர்ஜென்டினாவில் 1995-96-ல் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ் மருந்தால், அந்தப் பூச்சியைத் தின்ற பருந்து வகை ஒன்று ஆயிரக்கணக்கில் வயலில் செத்து விழுந்தது. டி.டி.டி.யோடு முடிந்துபோன கதை அல்ல இது.

ஆகவே குஞ்சு உள்ள பொந்துக்கு அருகே அந்த இரண்டு மாதமும் விஷம் வைக்காமல் இருக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வரப்பை ஒன்றரை அடிக்கு மேல் அகலம் இல்லாமல் செதுக்கி வளையை வெட்டுவது, ஹெக்டேருக்கு 100 என்ற கணக்கில் தஞ்சாவூர் கிட்டி வைப்பது, தென்னையில் தகரப்பட்டை அடிப்பது ஆகியவை விஷமில்லாத முறைகள். பக்கத்து வயல்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன் உண்டு. ஒருவர் வயலில் விரட்டிய எலி அடுத்தவர் வயலில் குடியேறும். விஷம் வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், செத்த எலிகளைக் காலையும் மாலையும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். வரப்பில் வீசிவிட்டுப் போகக் கூடாது.

வல்லூறு கோழிக்குஞ்சைத் தூக்குகிறதே என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தூக்கத்தான் செய்யும், குஞ்சுக்கு இரை தேடும் காலத்தில் அதிகமாகவே தூக்கும். கூட்டைக் கலைத்தால் பறவை வேறு மரத்தில் கட்டும், கோழிக்குஞ்சு தப்பாது. அந்த ஒரு மாதம் கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் போட்டு மூடி வைப்பதும், நிழற்செடி அடர்ந்த இடத்தில் மேய விடுவதும் தவிர வேறு வழி இல்லை.

தாங்கியும் பெட்டியும்

நெல் வயலில் ஏக்கருக்கு 16 முதல் 20 இடங்களில், பயிருக்கு மேல் ஓரிரு அடி உயரம் நிற்கும்படி ஆந்தை தாங்கிகளை நட வேண்டும். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும், வைக்கோல் சுற்றிய கழியும் ஆகும். புதிதாகப் பறக்கக் கற்ற கூகைக்கு இறங்கி உட்கார இதை விட நல்ல இடம் இல்லை. கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பகலில் தானியம் தின்னும் பறவைகள் இவற்றில் உட்காரும். அப்போது எடுத்துவிட வேண்டும்.

பழைய கிணறுகள் தூர்ந்து, பெரிய மரங்கள் போய்விட்ட இடங்களில் பெட்டி வைக்கலாம். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைப் பெட்டிகளைப் பெருமளவில் வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ஸ்தே எலியாகு என்ற கூட்டுப் பண்ணையில் 1983-ல் தொடங்கிய பெட்டி முறையில், 2002 முதல் அண்டை நாடான ஜோர்டான் விவசாயிகளும் பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லை கூகைக்குத் தெரியாது, எலிக்கும் தெரியாது.

பெட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருக்கட்டும். உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டும். வாசல் அரை அடிச் சதுரம். வாசலைப் பெட்டியின் தரையை ஒட்டி வெட்டக் கூடாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்ட வேண்டும். இறக்கை முளைக்காத குஞ்சு எட்டிப் பார்த்துக் கீழே விழுவது இதனால் பெரிதும் குறையும். வாசலுக்கு வெளியே ஒரு சிறு பலகை நீட்டி வைத்தால் குஞ்சு அதில் நின்று இறக்கை பழகும். 15 அடிக்குக் குறையாத உயரத்தில், பிற்பகல் வெயில் படாத பக்கம் பார்த்து, மின்கம்பிக்கும் சாலைக்கும் விலகிய இடத்தில் கட்ட வேண்டும். முதல் ஆண்டே பறவை குடியேறாவிட்டால் கழற்றிவிட வேண்டாம். ஒரு முறை குஞ்சு பறந்து போனபின், உள்ளே சேர்ந்த உருண்டைக் குப்பையை முகத்தில் துணி கட்டிக்கொண்டு வழித்தெடுத்து, அடியில் ஒரு கை மரத்தூள் பரப்பி வைத்தால் அதே ஜோடி அடுத்த ஈட்டுக்கும் அங்கேயே வரும்.